இடது தோளில் அரை இன்ச்

சுகந்திக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் தோள்தான் கண்ணில் படும். முகம் அப்புறம்தான். பஸ்ஸில் எதிரே நிற்பவருக்குத் தோள் எத்தனை இன்ச், எந்தக் கை நீளம், கழுத்தை எவ்வளவு இறக்கினால் சட்டை உட்காரும் என்று மனசு பாட்டுக்கு அளந்துகொண்டே வரும். இருபத்திரண்டு வருஷம் திருப்பூரில் துணி வெட்டினால் அப்படித்தான் ஆகும். ஈஸ்வரமூர்த்தியின் கம்பெனியில் ஒரு காலத்தில் முப்பது பேர் நின்ற கட்டிங் ஹாலில் இப்போது ஏழு இயந்திரங்களும் அவளும்தான் மிச்சம். வெட்டுவது இயந்திரம், ஒவ்வொரு பேட்டர்னையும் திரையில் பார்த்து 'சரி, வெட்டு' என்று சொல்வது சுகந்தி. இன்னமும் எல்லோரும் அவளைக் கட்டிங் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஊரார் தோளையெல்லாம் அளந்தவள், தன் மேல் மட்டும் டேப்பை வைத்ததே இல்லை. இருக்கிற லட்சணம் தெரியாதா, அளந்து வேறு பார்க்க வேண்டுமா என்பாள். தனக்குத் தைத்துக்கொள்வதெல்லாம் கண்ணளவில்தான், தொளதொளவென்று, உள்ளே இருப்பது எதுவும் வெளியே தெரியாதபடி. துப்பட்டா மட்டும் இடது பக்கம் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு பின்னைக் குத்திக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

பள்ளிப் பிள்ளைகளை டேப் வைத்து அளப்பது அப்போது நின்றுபோய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. வளர்ந்த பிள்ளைகளை வெளியாள் தொட்டு அளப்பதா என்று பெற்றோர் கேட்டார்கள், நியாயம்தான். கேமராவில் அளக்கலாம் என்றால், பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களின் உடம்பை எந்த இயந்திரமும் படம் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது, அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் யூனிபார்ம் தைக்கிறவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று நெற்றிப்பட்டையைக் கொண்டுவந்தது.

பட்டையைக் காட்ட வந்தவள் ரிஸ்வானா. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும், பேச்சில் ஒரு துடிப்பு. அவள் சுகந்தியைக் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொன்னாள். சுகந்தி தொட்டாள்.

"கை எங்க இருக்குது, மூக்கு எங்க இருக்குதுன்னு யாருங்கக்கா சொன்னா? மூளைக்குள்ள நம்ம உடம்போட படம் ஒண்ணு எப்பவும் ஓடிட்டே இருக்குதுங்க. கதவு நெலையில இடிக்காம நுழையறது, கூட்டத்துல ஒடுங்கிப் போறது எல்லாம் அதை வெச்சுத்தான். இந்தப் பட்டையை நெத்தியில கட்டுனா, அந்தப் படத்தைப் படிச்சு முப்பது அளவா குடுத்துரும். தொட வேண்டாம், பாக்க வேண்டாம், படம் புடிக்க வேண்டாம்."

சுகந்திக்கு அது பிடித்துப்போயிற்று. உடம்பே தன் அளவைச் சொல்கிறது, அதைவிட நம்பகமானவர் யார் இருக்கிறார்கள்? முதல் இரண்டு வருஷம் சின்ன வகுப்புகளுக்குத்தான் பட்டையைக் கட்டினார்கள், ஒரு புகாரும் வரவில்லை. சில பிள்ளைகளுக்குத் துணி கொஞ்சம் பெரிதாக வரும், அவ்வளவுதான். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நம் ஊரில் பள்ளி யூனிபார்ம் என்றைக்குச் சரியான அளவில் இருந்திருக்கிறது? ஜூனில் கோணிப்பை மாதிரி தொங்கும், மார்ச்சில் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். வளர்கிற பிள்ளை என்று இரண்டு இன்ச் தாராளமாக வைத்துத் தைத்தால்தான் அம்மாக்களுக்கே திருப்தி. பட்டை வைத்துக் கொடுத்த தாராளத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். சுகந்தியும் அப்படித்தான் நினைத்தாள்.

மூன்றாம் வருஷம் ஏப்ரலில் அவள் மகள் மிதுலா, காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தவள், மயங்கி விழுந்தாள்.

பதினைந்து வயது, பத்தாம் வகுப்புக்குப் போகப்போகிறவள். டாக்டர் ரத்தம் குறைவு, எடையும் குறைவு, சாப்பாடு உள்ளே போகவில்லை என்றார். இப்படியே விட்டால் அடுத்த முறை பள்ளியில் எழுந்து உட்கார மாட்டாள், ஆஸ்பத்திரியில்தான் எழுவாள் என்றும் சொன்னார். சுகந்திக்கு விளங்கவில்லை. காலையில் கட்டிக் கொடுக்கிற டப்பா சாயங்காலம் காலியாகத்தானே வருகிறது? விசாரித்ததில், டப்பா காலியானது மிதுலாவால் இல்லை, பக்கத்தில் உட்காரும் பெண்ணால் என்று தெரிந்தது. ஏன் கண்ணு என்று கேட்டதற்கு மிதுலா வெகு சாதாரணமாக, ஏற்கனவே இருக்கிறது போதாதா, இதற்கு மேலும் சாப்பிட்டால் என்ன ஆவது என்றாள்.

சுகந்தியும் அவள் கணவன் லோகநாதனும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார்கள். குச்சி மாதிரி இருக்கிறாய் என்று அவன் சொன்னான். காற்றடித்தால் விழுந்துவிடுவாய் என்று இவள் சொன்னாள். மிதுலா இருவரையும் பொறுமையாகப் பார்த்தாள், பொய் சொல்லும் பெரியவர்களைப் பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அது அவர்கள் பாசம் என்று அவள் எப்போதோ முடிவுகட்டியிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் பஞ்சாயத்தாகிவிட்டது. தட்டில் ஒரு கரண்டி கூட விழுந்தால் பெண் எழுந்துபோய்விடுவாள். சுகந்திக்குச் சோறு இறங்கவில்லை. தன் வயிற்றில் பிறந்தது தன் கண் முன்னால் கரைந்துகொண்டிருக்கிறது என்று பயந்தாள்.

மே மாதம் மிதுலாவின் பள்ளி ஆர்டர் வந்தது. பத்தாம் வகுப்பு, இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்; பெரிய வகுப்புக்குப் பட்டை கட்டியது அதுதான் முதல் முறை. பெயர் கிடையாது, வெறும் எண்கள்தான்; யாருடைய அளவு எது என்பது பள்ளிக்கு மட்டுமே தெரியும். சுகந்தி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி சொல்லிக்கொண்டே வந்தாள். நூற்றுப் பதினெட்டாம் எண்ணில் கை நின்றது. பெண் பிள்ளை. ஆனால் இடுப்பு முப்பத்தாறு, மார்பு நாற்பது, மேல்கை நல்ல கனம். இரண்டு பிள்ளை பெற்ற பொம்பளைக்கு இருக்கும் அளவு இது என்று நினைத்தாள். உடல்வாகு இருந்துவிட்டுப் போகட்டும், சில பிள்ளைகள் அப்படி இருக்கும். அவளை உறுத்தியது வேறு. இடது தோள் வலது தோளைவிட அரை இன்ச் இறங்கியிருந்தது.

ஒரு பக்கம் தோள் சரிவது வேலை செய்து வருவது. வருஷக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் வரும். பதினைந்து வயதில் எந்தப் பிள்ளைக்கு அப்படி வரும்? பாவம், எந்த வீட்டில் என்ன வேலை செய்கிறதோ என்று சுகந்தி ஒரு நிமிஷம் வருத்தப்பட்டாள். திருத்தலாமா என்று கை போனது. ஆனால் அளவுச் சீட்டில் வந்ததைத் திருத்தக் கூடாது, அளந்தவர் சொன்னதை வெட்டு என்பதுதான் அவள் முதல் நாள் கற்ற பாடம். வெட்டு என்றாள்.

ஜூன் முதல் வாரம் மிதுலா யூனிபார்ம் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தாள். போட்டுக் காட்டு கண்ணு என்றாள் சுகந்தி. மிதுலா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

ஹேங்கரில் மாட்டிய மாதிரி இருந்தது. தோள் முழங்கையை நோக்கி இறங்கிக் கிடந்தது, இடுப்பில் இன்னொரு பெண் நுழையலாம், முழுச் சுடிதாரும் இடது பக்கமாகக் கோணியிருந்தது. லோகநாதன் சிரிக்க வாயெடுத்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். மிதுலா அலமாரிக் கண்ணாடியின் முன்னால் நின்று முன்னும் பின்னும் பார்த்தாள். முகத்தில் ஒரு நிம்மதி.

"சரியா இருக்குதும்மா" என்றாள். "இந்த வருசந்தான் கரெக்டா தெச்சிருக்கறாங்க."

சுகந்தி காலருக்குள் கையை விட்டு லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு.

அவள் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். தன் கையால் சரி சொல்லி வெட்டிய துணி. அது பெரிதாக இருக்கிறது என்பதுகூட அவளை அவ்வளவு கலக்கவில்லை. பெண்ணுக்கு அது பெரிதாகத் தெரியவில்லையே, அதுதான் கலக்கியது.

அந்த வாரமே பொட்டலங்கள் திரும்பி வர ஆரம்பித்தன. இருநூற்றுப் பன்னிரண்டில் எழுபத்துமூன்று. திரும்பி வந்ததில் பெண் பிள்ளைகளின் துணி பெரும்பாலும் பெரிது. ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சட்டை சின்னது. கபடி டீமில் இருக்கும் ஒரு பையன், ஆள் காளைக்கன்று மாதிரி இருப்பானாம், அவனுக்கு வந்தது ஆறாம் வகுப்புப் பிள்ளையின் சட்டை. அதைத் திணித்துப் போட்டுக்கொண்டு சரியாகத்தான் இருக்கிறது என்று அடம்பிடித்தான் என்று அவன் அம்மா சொல்லி அழுதாள். இதில் சுகந்தி கவனித்தது ஒன்றுதான். பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் அம்மாக்கள், அப்பாக்கள். பிள்ளைகளில் ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை.

ரிஸ்வானா கோயம்புத்தூரிலிருந்து ஓடி வந்தாள். இரண்டு நாள் பட்டைகளைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தாள். மூன்றாம் நாள் கட்டிங் ஹாலில், இயந்திரங்கள் நின்றிருந்த மதிய இடைவேளையில், சுகந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பட்டையில ஒரு கோளாறும் இல்லீங்கக்கா" என்றாள். "அதுக்கு உடம்பு தெரியாது. உடம்பைப் பத்தி மனசு என்ன நெனைக்குதோ, அதுதான் தெரியும். பெரியவங்களை வெச்சுப் பாத்தோம், சரியா வந்துச்சு. அஞ்சாவது படிக்கற கொழந்தைங்களை வெச்சுப் பாத்தோம், சரியா வந்துச்சு. ரெண்டு பக்கமும் சரியா இருந்தா நடுவுலயும் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம். நடுவுல இருக்கறவங்களை யாருமே கேக்கலீங்க."

"அப்ப இந்தத் துணியெல்லாம்..."

"அந்தப் பிள்ளைங்க தெனமும் மனசுக்குள்ள போட்டுட்டு இருக்கறதுங்க அது. நாம தெச்சு வெளிய குடுத்துட்டோம்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஈஸ்வரமூர்த்தியின் அறையில். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். வயதையும் எடையையும் வைத்து ஒரு சூத்திரம் போட்டு அளவைக் குறைத்துத் தைத்துக் கொடுத்துவிடலாம், வெளியே மூச்சு விட வேண்டாம் என்றார். பள்ளியிலிருந்து வந்திருந்த ஆசிரியர் வேறு ஒன்று கேட்டார். எந்தப் பிள்ளை தன்னை எப்படி நினைக்கிறது என்று பெயர்ப் பட்டியலாகக் கொடுங்கள், கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொல்கிறோம் என்றார். அவரும் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

முதலாளி முன்னால் சுகந்தி அதிகம் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"பட்டியல் வேண்டாங்க சார். திங்கக்கெழமை பட்டியல், செவ்வாக்கெழமை அது பட்டப்பேரு ஆயிருமுங்க. அந்தப் பிள்ளைங்க யார்கிட்டயும் சொல்லாததை நம்மகிட்டச் சொல்லியிருக்குது, சொல்றோம்னே தெரியாம. சூத்திரம் போட்டு மூடியும் வெக்கக் கூடாது, ஊரைக் கூட்டியும் சொல்லக் கூடாதுங்க. அவிங்கவிங்க வீட்டுக்கு மட்டும் ஒட்டுன கவர்ல சொல்லிப்போட்டு, இங்க இருக்கறதை அழிச்சுப்போடலாமுங்க."

அதற்கு இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் துணிக்கு என்ன வழி என்று கேட்டார் ஈஸ்வரமூர்த்தி. சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த வழிதான். யாரையும் தொட்டு அளக்க வேண்டாம். நன்றாக உட்காரும் பழைய துணி ஒன்றை அளவுக்குக் கொடுத்தால் போதும். அளவு ஜாக்கெட் மாதிரி அளவுச் சட்டை. பழைய சட்டைக்கு மனசு கிடையாது, அது உள்ளதைச் சொல்லும். ரிஸ்வானா இதைக் கேட்டுவிட்டு, மூன்று வருஷ ஆராய்ச்சி என்று முணுமுணுத்தபடி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மிதுலா டியூஷனுக்குப் போயிருந்த நேரம், சுகந்தி நூற்றுப் பதினெட்டைப் பிரிக்க உட்கார்ந்தாள். மற்ற எழுபத்திரண்டையும் கம்பெனியில் முடித்தாயிற்று; இதை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். தையலைப் பிரிக்கும் கத்தியை இடது தோளில் வைத்தவள் நிறுத்தினாள். அந்த அரை இன்ச். மிதுலாவின் தோள் இரண்டும் அளவுகோல் வைத்த மாதிரி நேராக இருக்கும். பயம் உடம்பைப் பெரிதாக்கிக் காட்டும், சரி. ஒரு பக்கத்தை மட்டுமா இறக்கிக் காட்டும்?

ரிஸ்வானாவை போனில் கூப்பிட்டுக் கேட்டாள். பட்டை அதையெல்லாம் தானாகச் சேர்க்காது, அந்தப் பெண் மனசில் அப்படித்தான் இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை அக்கா என்றாள் அவள்.

எதற்கு எழுந்தாள், எதற்குக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள் என்று சுகந்திக்குச் சொல்லத் தெரியாது. பொருத்தம் பார்க்கச் சில சமயம் துணியைத் தன் மேல் போட்டுப் பார்ப்பது தையல்காரர் வழக்கம். கை தன்னால் செய்தது. சுடிதாரைத் தலைவழியாகப் போட்டு இறக்கினாள்.

உட்கார்ந்தது.

தோள், தோளில் உட்கார்ந்தது. இடுப்பு, இடுப்பில். மேல்கையில் ஒரு நூல் இழுப்பு இல்லை, முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. வாழ்நாளில் அவள் போட்ட எந்தத் துணியும் இப்படிப் பொருந்தியதில்லை. இடது பக்கம் துணி எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கி நின்றது. இயந்திரம் வரும்வரை வருஷக்கணக்காக இடக்கையால் துணி அடுக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் வெட்டியவளின் தோள் அது. பின்னைக் குத்திக் குத்தி மறைத்தவளுக்கே அது தெரியாது. பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

சுகந்தி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

இதே கண்ணாடி. தினமும் காலையில் இதன் முன்னால் நின்று தலை வாரும்போது என்னென்ன சொல்லியிருக்கிறாள். பாரு இந்த வயித்தை. எருமை மாதிரி ஆயிட்டேன். இந்தக் கையைத் தூக்கிட்டு ஒரு போட்டோவுல நிக்க முடியுதா. ராத்திரி எனக்கு ஒண்ணும் வேண்டாம், தின்னு தின்னுதான் இப்படி. எல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது, ஒருத்தரையும் நோகடிக்காத பேச்சு என்றுதான் நினைத்தாள். பக்கத்தில் நின்று தலை பின்னிக்கொள்ள முறை பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பெண் அதையெல்லாம் கேட்டாள். அவள் பெரியவளான அன்று சீர் கொண்டுவந்த அத்தனை பேரும் சொன்னார்கள், வாகு அப்படியே அம்மா என்று. அம்மாவும் சும்மா இருந்தாளா? ஐயோ, என்னை மாதிரி ஆகிவிடாதே சாமி என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள். அது சுகந்திக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. தன்மேல் எறிந்த கல் அத்தனையும் குறி தப்பாமல் பிள்ளைமேல் விழுந்திருக்கிறது என்று அழுதாள்.

மிதுலா வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. வாசல் நிலையில் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது என்னுது."

"ஆமா கண்ணு. உன்னுதுதான்."

மிதுலா கிட்ட வந்தாள். அம்மாவைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். தோளைத் தொட்டாள், இடுப்பில் துணியைக் கிள்ளிப் பார்த்தாள், பிடிபடவில்லை. அவள் முகத்தில் குழப்பம் மெதுவாக ஏறியது.

"எனக்குக் கரெக்டா இருந்துச்சே. உனக்கு எப்பிடிக் கரெக்டா இருக்குது?"

சுகந்தி தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். தன்னை அளக்கச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் யாருக்கும் கொடுக்காத அனுமதி. மிதுலா தயங்கித் தயங்கித்தான் அளந்தாள், அளவுகளைப் பழைய காலண்டரின் பின்னால் எழுதினாள். இடுப்பு முப்பத்தாறு. மார்பு நாற்பது. தோள் அளக்கும்போது இரண்டு முறை அளந்து, மூன்றாம் முறையும் அளந்தாள். பிறகு, ஒட்டிய கவரில் வீட்டுக்கு வந்திருந்த நூற்றுப் பதினெட்டாம் சீட்டை அம்மா நீட்ட, அதை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சுகந்தி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கேட்க நினைத்தது ஆயிரம். கேட்டது ஒன்றுதான்.

"நான் பாக்க அசிங்கமா இருக்கறனா கண்ணு?"

மிதுலா அதிர்ந்து நிமிர்ந்தாள். "ச்சே. நீ எதுக்கு அப்பிடி இருக்கற? நீ நல்லாத்தான இருக்கற. எங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உங்கம்மா அழகுன்னுதான் சொல்லுவாளுக." குரலைத் தாழ்த்தி, "அப்பறம் ஏம்மா உன்னை நீ தெனமும் திட்டிக்கற?" என்றாள்.

சுகந்திக்கு யார் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்தால் அவளுடைய அம்மாவின் அலமாரிக் கண்ணாடி வரை போக வேண்டியிருக்கும். போகட்டும். "தப்புத்தான் சாமி. தெரியாமப் பண்ணிப்போட்டேன்" என்றாள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது அவள் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. கேட்டபோது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை.

டேப்பை இன்னொரு முறை எடுத்து, உன்னையும் அளந்து பார்க்கட்டுமா என்று கேட்டாள். மிதுலா தலையை ஆட்டி மறுத்தாள். சரி என்று சுகந்தி டேப்பைச் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டாள். அவள் நல்லகாலம், அன்றைக்கு வற்புறுத்தாமல் இருக்கத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து மிதுலா பீரோவைத் திறந்து, போன வருஷத்துச் சட்டை ஒன்றை எடுத்து வந்து அம்மா மடியில் வைத்தாள். அளவுக்கு.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். டாக்டரிடம் போனார்கள், டாக்டர் அனுப்பிய மனநல ஆலோசகர் அம்மாளிடமும் மாதக்கணக்கில் போனார்கள். மிதுலா சாப்பிட்ட நாளும் உண்டு, தட்டைத் தள்ளிய நாளும் உண்டு. வீட்டில் மாறியது இரண்டுதான். யாரும் அவள் தட்டைப் பார்ப்பதில்லை என்று முடிவாயிற்று. சுகந்தி ராத்திரிச் சாப்பாட்டை விடுவதை நிறுத்தினாள். நாலு இட்லி வைத்துக்கொண்டு, சட்னி போட்டுக்கொண்டு, பிள்ளையோடு உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டாள். கண்ணாடி முன்னால் நாக்கைக் கட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பாரு இந்த வயி... என்று ஆரம்பிப்பாள். உள்ளேயிருந்து மிதுலா, அம்மா, என்று ஒரு குரல் கொடுப்பாள். சுகந்தி மென்று விழுங்கிவிட்டு, இந்தக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று முடிப்பாள். லோகநாதன் பேப்பருக்குப் பின்னால் சிரித்துக் குலுங்குவான்.

நூற்றுப் பதினெட்டை அவள் பிரிக்கவேயில்லை. பள்ளி முத்திரையை மட்டும் எடுத்துவிட்டு வீட்டில் போட்டுக்கொண்டாள். பின் குத்தத் தேவைப்படாத துணி அவளிடம் அது ஒன்றுதான் இருந்தது.

அடுத்த ஜூனில் மிதுலா பதினொன்றாம் வகுப்பு. யூனிபார்ம் நீல நிறத்துக்கு மாறியது. எல்லோரும் அளவுச் சட்டை கொடுத்துத்தான் தைத்தார்கள். பட்டைகள் துணி வேலையை விட்டு டாக்டர்கள் கைக்குப் போய்விட்டன, வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு மட்டும் கட்டிப் பார்ப்பார்கள். கம்பெனிக்கு வேறு வேலையாக, பையில் ஒரு பட்டையோடு வந்திருந்த ரிஸ்வானாவிடம், பள்ளி விட்டு அம்மாவைப் பார்க்க வந்த மிதுலா, எனக்கு ஒரு தடவை கட்டிப் பார்க்கிறீர்களா அக்கா என்று தானே கேட்டாள். சுகந்திக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

அளவுகள் திரையில் வரிசையாக ஏறின. மார்பு, இடுப்பு, கை எல்லாம் இறங்கியிருந்தன. உள்ள அளவைவிட இன்னமும் இரண்டு, மூன்று இன்ச் அதிகம்தான். ஆனால் இது அவளுடைய உடம்பு. சின்னப் பெண்ணின் உடம்பு. இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம், மீதியும் வந்து சேரும் என்று சுகந்தி நம்பினாள். கடைசி வரியைப் பார்த்தபோதுதான் அவள் கண் நின்றது. இடது தோள், அரை இன்ச் இறக்கம். அப்படியே இருந்தது.

"இது மட்டும் போகலியே" என்றாள் ரிஸ்வானா மெல்ல.

சுகந்தி பேட்டர்னைத் திறந்தாள். துணிக்கு அளவுச் சட்டைதான், இந்த எண்கள் தேவையில்லை. இருந்தாலும் பழக்கத்தில் விரல் தோள் கோட்டுக்குப் போனது, அது நேராக இருக்கிறதா என்று பார்க்க. மிதுலா பின்னாலிருந்து அம்மாவின் இடது தோளில் தாடையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல அந்த அரை இன்ச்சு வெய்யும்மா" என்றாள்.

"உனக்குத் தோள் நேரா இருக்குது கண்ணு. இழுக்கும்."

"தெரியும். இருக்கட்டும்."

சீட்டில் இல்லாததை வெட்டக் கூடாது. இருபத்து மூன்று வருஷத்துப் பாடம். சுகந்தி இடது தோளை அரை இன்ச் இறக்கினாள், வெட்டு என்றாள். அந்த வருஷம் முழுக்க மிதுலாவின் நீலச் சுடிதாரில் இடது தோள் ஓரமாக ஒரு சின்ன இழுப்பு இருந்தது. செக்கிங்கில் யாராவது பார்த்திருந்தால் கட்டிங் மாஸ்டருக்கு வயசாகிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள்.